முகவரியைக் கொடுப்பவர் யார்?

ஜொகூர் பாலத்தைக் கடந்து உட்லண்ட்ஸ் போய்ச் சேர்ந்துவிட்டால் தமிழுக்கு இணையத்தில் ஒரு நாட்டு முகவரி இருக்கிறது. '.சிங்கப்பூர்' என்று தமிழ் எழுத்திலேயே முடியும் முகவரிகள் 2011ஆம் ஆண்டிலிருந்து நடப்பில் உள்ளன. இலங்கைக்கு '.இலங்கை' உண்டு. இந்தியாவுக்கு '.இந்தியா' உண்டு. பாலத்தின் இந்தப் பக்கம், ஜொகூர் பாருவில் தொடங்கிக் குளுவாங், லாபிஸ், சிகாமட் என்று வடக்கே பெர்லிஸ்வரை போனாலும், '.மலேசியா' என்று தமிழில் முடியும் முகவரி ஒன்றுகூடக் கிடையாது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ள நாடு இது. இங்கே ஏன் இல்லை என்று நாம் ஒரு முறையாவது கேட்டிருக்க வேண்டாமா?

தொழில்நுட்பம் காரணமில்லை. சிங்கப்பூரில் வேலை செய்யும் அதே எழுத்துகள்தாம் இங்கும் வேலை செய்யும். சக மாணவர்களிடம் கேட்டால் இரண்டு பதில்கள் வருகின்றன. ஒரு சாரார் "அரசாங்கம் கொடுக்கவில்லை" என்கிறார்கள். இன்னொரு சாரார் "இணையமே அமெரிக்காக்காரன் கையில்தானே இருக்கிறது" என்கிறார்கள். இரண்டும் பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் வழக்கம்போல மகஜர் எழுதக் கிளம்பினால், அது தப்பான கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிவரும்.

இணையத்தில் முகவரி என்பது இரண்டு வகை. ஒன்று எண், இன்னொன்று பெயர். எண்ணைப் புரிந்துகொள்ள நம் அஞ்சல் குறியீடு போதும். லாபிஸ் 85300. பக்கத்துச் சிகாமட் 85000, சாஆ 85400. உறையில் 85 என்று பார்த்ததுமே கடிதம் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. இணைய எண்களும் இப்படி மேலிருந்து கீழே பிரித்துக் கொடுக்கப்படுகின்றன. உச்சியில் ஐயானா என்ற பதிவு அலுவலகம். அதற்குக் கீழே ஐந்து வட்டார அமைப்புகள். நம் வட்டாரத்துக்கு ஏப்னிக். அதன் தலைமையகம் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் இருக்கிறது. அங்கிருந்து மலேசிய இணையச் சேவை நிறுவனங்களுக்கு வந்து, கடைசியில் லாபிஸ் தாமானில் ஒரு வீட்டுப் பெட்டிக்கு ஓர் எண் வந்து சேர்கிறது.

இந்த எண்களைப் பங்கிடும் விதியை எந்த அரசாங்கமும் தனியாகப் போடுவதில்லை. உலகம் முழுவதற்குமான விதி என்றால், ஒரே வரைவை ஐந்து வட்டாரங்களும் தனித்தனியே விவாதித்து ஏற்கவேண்டும். அதன் பிறகே ஐகான் இயக்குநர் குழு அதை உறுதிப்படுத்தும். பழைய எண்முறையில் மொத்தம் ஏறக்குறைய 430 கோடி எண்களே உண்டு. அவை தீரப்போகின்றன என்று தெரிந்ததும், கடைசி ஐந்து பெருந்தொகுப்புகளை வட்டாரத்துக்கு ஒன்றாகச் சமமாகக் கொடுப்பது என்று இந்த முறையில்தான் முடிவெடுத்தார்கள். 2011 பிப்ரவரி 3ஆம் நாள் அப்படியே கொடுத்தும் விட்டார்கள். அதிகம் கேட்டுக்கொண்டிருந்த ஆசியாவுக்கும் ஒன்று, ஆப்பிரிக்காவுக்கும் ஒன்று. அதே ஆண்டு ஏப்ரல் மாதம் ஏப்னிக் தன் கடைசித் தொகுப்புக்கு வந்ததும், பெரிய நிறுவனமானாலும் சின்ன நிறுவனமானாலும் ஒவ்வோர் உறுப்பினருக்கும் அதிலிருந்து 1,024 எண்களுக்கு மேல் இல்லை என்று பங்கீடு வைத்தது. பசியுள்ளவன் கையில் கரண்டி இருந்தும் பந்தி ஒழுங்காக நடந்தது என்பதே எனக்கு இன்னும் வியப்பு.

எண்ணில் மொழி இல்லை. அதனால் சண்டையும் குறைவு. பெயர் அப்படியன்று.

பெயர்களுக்கெல்லாம் மேலே ஒரு பட்டியல் இருக்கிறது. வேர்ப்பட்டியல் என்று சொல்லலாம். முகவரியின் கடைசித் துண்டு அந்தப் பட்டியலில் இருந்தால்தான் உலகத்துக் கணினிகள் அதை அறியும். ஒரு காலத்தில் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஜான் போஸ்டல் என்ற கணினி அறிஞர் இதைக் கவனித்துவந்தார். 1998இல் ஐகான் என்ற இலாப நோக்கமற்ற அமைப்பு கலிபோர்னியாவில் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் போஸ்டல் காலமானார். ஐகான் அமெரிக்க வர்த்தகத் துறையுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் கீழ் இந்தப் பட்டியலைக் கவனித்தது. அந்த ஒப்பந்தம் 2016 அக்டோபர் 1ஆம் நாளோடு முடிந்துபோனது. ஆகவே 'அமெரிக்காக்காரன் கையில்' என்ற பதில் பழையதாகிவிட்டது. ஐகான் இன்னமும் அமெரிக்கச் சட்டத்தின் கீழ்ப் பதிவான அமைப்புதான் என்பதையும் மறக்கக்கூடாது.

போஸ்டல் 1994இல் எழுதிவைத்த ஒரு கொள்கை இங்கே முக்கியம். எது நாடு, எது நாடில்லை என்று தீர்மானிப்பது தம் அலுவலகத்தின் வேலை அன்று என்றார் அவர். ஏற்கெனவே உலகம் ஒப்புக்கொண்ட நாட்டுக் குறியீட்டுப் பட்டியல் ஒன்று இருந்தது, அதையே எடுத்துக்கொண்டார். அரசியலில் மாட்டாமல் தப்பிக்க இதைவிடப் புத்திசாலித்தனமான வழி இல்லை. பதினைந்து ஆண்டு கழித்து, ஆங்கில எழுத்தல்லாத எழுத்துகளில் நாட்டுப் பெயர்களை அனுமதிக்கும் நேரம் வந்தபோது, ஐகான் மொழிக்கும் அதே உபாயத்தைக் கையாண்டது. எது ஒரு நாட்டின் மொழி என்று தானே தீர்மானிக்காமல், அதை அரசாங்கங்களின் பக்கம் தள்ளிவிட்டது. நாம் விடுபட்டது அந்த இடத்தில்தான்.

2009 நவம்பரில் தொடங்கிய அந்த விரைவுத் திட்டத்தின் விதி இதுதான். கேட்கப்படும் மொழி அந்த நாட்டில் அதிகாரத்துவத் தகுதி பெற்றிருக்க வேண்டும். ஐக்கிய நாட்டு நிபுணர் குழுவின் கையேட்டில் தேசிய மொழியாகக் காட்டப்பட்டிருக்கலாம். அனைத்துலக நாட்டுக் குறியீட்டுத் தரப்பட்டியலில் நிர்வாக மொழியாக இருக்கலாம். இரண்டும் இல்லையென்றால், இந்த மொழியில் நாங்கள் அதிகாரத்துவக் கடிதப் போக்குவரத்து நடத்துகிறோம், இது எங்கள் நிர்வாக மொழியாகவும் இருக்கிறது என்று அரசாங்கம் உறுதிப்படுத்த வேண்டும். சிங்கப்பூர் அரசியலமைப்பு தமிழை நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. இலங்கையில் 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கியது. இந்தியாவில் எட்டாம் அட்டவணை இருக்கிறது. மூவரும் கேட்டார்கள், கிடைத்தது. நம் கூட்டரசு அரசியலமைப்பின் 152ஆம் பிரிவு மலாய் மொழியைத் தேசிய மொழி என்கிறது. மற்ற மொழிகளைக் கற்கவும் கற்பிக்கவும் அதிகாரத்துவத் தேவைகளுக்கு அல்லாமல் பயன்படுத்தவும் யாரையும் தடுக்கக்கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. நல்ல பாதுகாப்புதான். ஆனால் 'அதிகாரத்துவத் தேவைகளுக்கு அல்லாமல்' என்ற அந்தத் தொடர் இணையம் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே '.மலேசியா'வுக்குக் கதவைச் சாத்திவிட்டது.

மலேசியாவுக்கு ஆங்கில எழுத்தல்லாத நாட்டுப் பெயர் ஒன்று வேர்ப்பட்டியலில் இருக்கிறது. அது ஜாவி எழுத்தில் இருக்கிறது. தேசிய மொழிச் சட்டத்தின் 9ஆம் பிரிவு தேசிய மொழியின் எழுத்து ரூமி என்று சொல்லி, ஜாவியைத் தடுக்கவில்லை என்றும் சேர்த்துச் சொல்கிறது. தடை இல்லை என்ற அளவே போதுமானதாக இருந்தது, ஏனென்றால் எழுதப்படும் மொழி மலாய். ஜாவிக்குக் கிடைத்ததில் எனக்கு மனக்குறை ஏதும் இல்லை. பழைய கல்வெட்டும் கையெழுத்துப் பிரதியும் உள்ள எழுத்து அது, வாழட்டும். நான் சொல்ல வருவது வேறு. மின்னல் எஃப்எம் வழியாக அரசாங்கம் நாள் முழுக்கத் தமிழில் பேசுகிறது. தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்கிறது. எஸ்பிஎம் தேர்வில் தமிழ்த்தாள் வைக்கிறது. இத்தனையும் செய்கிற அரசாங்கம் தமிழில் நிர்வாகம் நடத்தவில்லை. ஐகான் விதிக்கு இந்தக் கடைசி ஒன்றுதான் கணக்கு.

ஆகவே '.மலேசியா' கேட்டு மகஜர் கொடுப்பதை நான் ஆதரிக்கவில்லை. அதற்கு அரசாங்கம் கையெழுத்திட வேண்டிய கடிதம் ஒரு முகவரியைப் பற்றியதாக இருக்காது. தமிழ் நிர்வாக மொழி என்ற உறுதிமொழியாகத்தான் இருக்கும். எந்தக் கட்சி ஆட்சியிலும் எந்த அமைச்சரும் அதில் கைவைக்கமாட்டார். கைவைக்கச் சொல்லி நாம் போராடினால், முகவரிக் கேள்வி மறைந்து மொழி அரசியல் மேலே வந்துவிடும்.

இதெல்லாம் எதற்கு, இருக்கிற ஆங்கில எழுத்து முகவரி போதாதா என்று கேட்கலாம். தமிழில் முகவரி தட்டுபவர் மிகக் குறைவு என்பதை மறுப்பதற்கில்லை. பெரும்பாலோர் தேடுபொறியில் இரண்டு சொல் போட்டுவிட்டு முதலில் வருவதை அழுத்துகிறோம். தமிழ் எழுத்தில் மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொண்டால் பாதிப் படிவங்கள் 'தவறான முகவரி' என்று திருப்பிவிடுகின்றன. என் கவலை தட்டச்சு வசதியைப் பற்றியதன்று. முகவரி யாருடைய நிலத்தில் இருக்கிறது என்பதுதான் என் கவலை.

லாபிஸ், பெக்கோக், சாஆ வட்டாரத்துத் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உறையில் பெயர், அதற்குக் கீழே தோட்டத்தின் பெயர், அதற்குக் கீழே லாபிஸ், ஜொகூர். வீட்டு எண் தேவைப்படாது. கடிதம் ஆபீசுக்கு வரும், கிராணி பிரித்துக் கொடுப்பார். கொடுப்பவர் நல்லவராக இருந்தால் அன்றே வரும். அப்புறம் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. தோட்டம் கைமாறியது, லயங்கள் இடிந்தன, ஆட்கள் பட்டணத்துக்குப் போனார்கள். அந்த முகவரிக்கு உறவினர் எழுதிய கடிதத்தை வாங்க ஆளில்லை. இரண்டு மூன்று தலைமுறை வாழ்ந்த இடம். ஆனால் முகவரி தோட்டத்துக்குச் சொந்தம், வாழ்ந்தவனுக்குச் சொந்தமில்லை.

இணையத்திலும் நாம் அப்படித்தான் குடியிருக்கிறோம். தொண்ணூறுகளின் இறுதியிலும் இரண்டாயிரத்தின் தொடக்கத்திலும் தமிழர்கள் ஆர்வத்தோடு கட்டிய அகப்பக்கங்கள் எத்தனையோ இலவச இடங்களில் இருந்தன. 2009 அக்டோபரில் யாஹூ தன் ஜியோசிட்டீஸ் சேவையை மூடியபோது அவற்றில் பல போன இடம் தெரியவில்லை. இன்று கோயில் நிர்வாகம், இளைஞர் மணிமன்றம், தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் எல்லாம் முகநூல் பக்கத்தையே தங்கள் முகவரியாக வைத்திருக்கின்றன. அந்தத் தோட்டம் என்று கைமாறும் என்று யாருக்குத் தெரியும்?

நாடு வழியாகப் போகும் கதவு மூடியிருந்தாலும் இன்னொரு கதவு உண்டு. கட்டலான் மொழி பேசுவோர் அதன் வழியாகப் போனார்கள். ஸ்பெயின், பிரான்ஸ், அண்டோரா, இத்தாலியின் ஒரு நகரம் என்று பிரிந்துகிடக்கும் மொழி அது. அவர்கள் ஸ்பெயினிடம் போகாமல், ஒரு மொழி, பண்பாட்டுச் சமூகமாக நேராக ஐகானிடம் போனார்கள். 2005இல் '.கேட்' என்ற பெயரைப் பெற்றார்கள். அதை நடத்துவது ஓர் அறக்கட்டளை. பின்னர் 2012ஆம் ஆண்டுச் சுற்றில் பாஸ்க், கலிசிய, பிரெட்டன் மொழிக்காரர்களும் வேல்ஸ் நாட்டவரும் விண்ணப்பித்துத் தங்கள் பெயர்களைப் பெற்றார்கள். இவர்களில் யாரையும்விட நாம் எண்ணிக்கையில் குறைந்தவர்கள் அல்லர்.

இந்த வழியில் தொடங்கும் தகுதியும் நமக்கு இல்லாமல் இல்லை. ஆங்கிலமல்லாத எழுத்தில் முகவரி என்ற எண்ணத்துக்கே 1998இல் நமக்கு அண்டையிலிருந்த சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில்தான், டான் தின் வீ குழுவினர் செயல்வடிவம் கொடுத்தார்கள். அதே டான் தின் வீயோடு சேர்ந்துதான் நா. கோவிந்தசாமி 1995இல் தமிழை வலையேற்றினார். தமிழ் இணைய மாநாடு 2001இல் கோலாலம்பூரில் நடந்தது. முரசு அஞ்சல் கண்ட முத்து நெடுமாறன் நம் நாட்டவர். முன்னால் ஓடியவர்கள் நாம். பிறகு எங்கே உட்கார்ந்துவிட்டோம்?

வேர்ப்பட்டியலில் இன்று தமிழ் எழுத்தில் இருப்பவை அந்த மூன்று நாட்டுப் பெயர்கள்தாம். '.தமிழ்' என்ற பெயரைத் தனியார் நிறுவனம் ஒன்று கேட்டால் என்ன ஆகும்? அமேசான் கதையைப் பாருங்கள். அந்த ஆற்றின் பெயரை நிறுவனம் 2012இல் கேட்டது. ஆறு ஓடும் பிரேசிலும் பெருவும் எதிர்த்தன. ஆண்டுக்கணக்காக இழுத்தது. கடைசியில் 2020இல் பெயர் நிறுவனத்துக்கே போனது. நாடுகள் எதிர்த்தும் இந்தக் கதி. ஆனால் அதே 2020இல் நேர்மாறான ஒன்றும் நடந்தது. தொண்டு அமைப்புகள் பயன்படுத்தும் '.ஓஆர்ஜி'யை நடத்தும் அமைப்பை ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு நூறு கோடி டாலருக்கு மேல் விலைபேசினார்கள். உலகெங்கும் தொண்டு அமைப்புகள் திரண்டு மறுத்தன. ஏப்ரல் 30ஆம் நாள் ஐகான் இயக்குநர் குழு அந்த விற்பனைக்கு ஒப்புதல் தர மறுத்தது. யார் அறைக்குள் வந்து பேசினார்கள் என்பது கணக்கில் வருகிறது.

செலவைப் பற்றியும் நேராகப் பேசிவிடுவோம். 2012 சுற்றில் விண்ணப்பக் கட்டணம் 185,000 அமெரிக்க டாலர். அடுத்த சுற்றுக்கு, அதாவது 2026 ஏப்ரல் 30 முதல் ஆகஸ்ட் 12 வரை என அறிவிக்கப்பட்ட சுற்றுக்கு, 227,000 டாலர். நம் கணக்கில் ஏறக்குறைய ஒன்பது லட்சம் வெள்ளி. தகுதியுள்ள சமூக அமைப்புகளுக்கு 75 முதல் 85 விழுக்காடுவரை கட்டணத்தைக் குறைக்கும் உதவித் திட்டமும் அதனோடு சேர்ந்து வந்தது. அது கிடைத்தாலும், பெயர் கையில் வந்த பிறகு ஆண்டுதோறும் ஐகானுக்கு 25,000 டாலருக்குக் குறையாத கட்டணம் கட்டவேண்டும். அதற்கு மேல் கணினிச் செலவு. கோயில் குடமுழுக்குக்குப் பணம் திரட்டத் தெரிந்த சமூகத்துக்கு முதல் தொகை பெரிதன்று. இரண்டாவது தொகைதான் பயமுறுத்துகிறது, ஏனென்றால் அது பத்து ஆண்டு, இருபது ஆண்டு சண்டையில்லாமல் ஓர் அமைப்பை நடத்தும் வேலை. அந்த வேலையில் நம் கடந்தகாலப் பதிவு என்ன என்று சங்க ஆண்டுக்கூட்டங்களுக்குப் போனவர்களுக்குத் தெரியும். அதனால்தான் 2026 சுற்றுக்கு அவசரக்கோலமாக ஒரு விண்ணப்பம் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்தச் சுற்றில் வரும் தமிழ்ப் பெயர்களைக் கண்காணிப்பதும், சமூகத்தின் பெயரைத் தனியார் எடுக்க முயன்றால் ஐகான் விதிப்படி மறுப்பும் கருத்தும் பதிவு செய்வதும், அதற்கடுத்த சுற்றுக்கு அமைப்பைக் கட்டுவதும்தான் நடக்கக்கூடியவை.

இதில் மாணவர்களுக்கு என்ன வேலை? நிறைய. எந்தத் தமிழ் எழுத்துகள் வேர்ப்பட்டியலில் வரலாம், எவை ஒன்றுபோலத் தோன்றி ஏமாற்றும் என்ற விதிகளை ஒரு நிபுணர் குழு வகுத்தது. 'கௌ' என்பதைக் 'கெ'யும் 'ள'வும் சேர்த்துத் தட்டினாலும் திரையில் ஒன்றுபோலத்தான் தெரியும். ஏமாற்றுக்காரனுக்கு அது போதும். இப்படிப்பட்ட நுட்பங்களைப் பேசிய வரைவு பொதுக் கருத்துக்கு வைக்கப்பட்டு, 2019இல் விதிகளில் சேர்ந்தது. தமிழ் இலக்கணம் படிக்கும் மாணவனுக்கும் கணினி படிக்கும் மாணவனுக்கும் ஒருசேர வேலை இருந்த இடம் அது. கிரந்தம் வேண்டுமா வேண்டாமா என்று நாம் விடிய விடிய வாதாடுகிறோம். ('லாபிஸ்' என்று எழுதுவதா 'லாபிசு' என்று எழுதுவதா என்பதில் என் வீட்டிலேயே இரண்டு கட்சி.) அந்த வாதத்துக்கு உண்மையான விளைவு இருந்த மேசையில் மட்டும் நாம் இல்லை.

ஐகான் கூட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. குடியுரிமையோ அதிகாரத்துவ மொழியோ யாரும் கேட்பதில்லை. ஏப்னிக் கொள்கைக் கூட்டத்தில் உறுப்பினர் அல்லாதவரும் எழுந்து பேசலாம். இரண்டும் நம் வாசலுக்கே வந்தன. ஐகான் 2004இலும் 2022 செப்டம்பரிலும் கோலாலம்பூரில் கூடியது. ஏப்னிக் 2025இல் பெட்டாலிங் ஜெயாவில் கூடியது. லாபிஸிலிருந்து காலையில் புறப்பட்டால் மதியத்துக்குள் போய்ச் சேரும் தூரம். நம் தமிழ்க் கழகங்களிலிருந்து யார் போனோம்? பட்டிமன்றத்துக்குப் பேருந்து ஏற்பாடு செய்யும் கழகம், அடுத்த முறை இரண்டு மாணவர்களுக்கு இரயில் டிக்கெட் எடுத்துக்கொடுக்கலாம். பயனர் அமைப்பாக ஐகானில் பதிந்துகொள்ளவும் கழகங்களுக்கு வழி இருக்கிறது.

கடைசியில், '.தமிழ்' ஓர் அறக்கட்டளையின் கையில் இருக்கவேண்டும் என்று ஒப்புக்கொண்டால், அந்த அறக்கட்டளையை எந்த நாட்டில் பதிவது? இது சின்னக் கேள்வி இல்லை. 2017 செப்டம்பரில் கட்டலோனிய வாக்கெடுப்புக்கு முன்பு ஸ்பெயின் காவல்துறை '.கேட்' அலுவலகத்துக்குள்ளேயே புகுந்து சோதனை போட்டது. பெயர் ஐகான் கொடுத்தது, கதவு ஸ்பெயின் நாட்டில் இருந்தது. சென்னையில் பதிந்தால் ஈழத்தவருக்கு ஒரு தயக்கம் வரும், கொழும்பில் பதிந்தால் சொல்லவே வேண்டாம், கோலாலம்பூரில் பதிந்தால் நம் சங்கங்களில் யார் தலைவர் என்ற கேள்வி முதலில் வரும். என் வாக்கு சிங்கப்பூருக்கு; தமிழுக்கு அங்கே சட்டத் தகுதி இருக்கிறது, நமக்கும் பக்கம். முன்னாள் மாணவர்களில் பலர் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள் என்று தெரியும். வழக்கறிஞர்களாகவும் கணக்காய்வாளர்களாகவும் இருக்கும் அவர்கள் தங்கள் மறுப்பைக் காரணத்தோடு எழுதினால், அடுத்த ஆண்டு மலரில் அதற்கு இடம் ஒதுக்கும்படி ஆசிரியர் குழுவை இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.